7 மெகாஹெர்ட்ஸில் தெரிந்த பள்ளம்: மின்கம்பி இணைய இரைச்சலைத் தேடிப் பிடித்த பதிவு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில், பழைய தோட்ட நிலத்தில் எழும்பிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசும் 40 மீட்டர் பேண்ட் மறுபடியும் காதுக்கு எட்டுகிறது. சாயங்காலம் இந்தோனேசிய நிலையங்கள் தெளிவாக வருகின்றன. இரவு ஏறினால் இந்தியாவிலிருந்து பேசுபவர்களையும் எடுக்க முடிகிறது. இதற்கு முன்பு 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே திருப்பினாலும் ஒரே சலசலப்பு. அதற்குக் காரணம் இணையத்தை வீட்டு மின்கம்பி வழியாகக் கடத்தும் பவர்லைன் அடாப்டர்கள். ரௌட்டர் பக்கத்து பிளக்கில் ஒன்று, பின்னறை பிளக்கில் இன்னொன்று என்று சொருகிவிட்டால் சுவருக்குள் ஓடும் வயரே நெட்வொர்க் கேபிளாகிவிடும். அதே வயர் ஆன்டெனாவாகவும் ஆகிவிடுகிறது. பிரச்சினை அங்கேதான்.

இதே மாதிரி இரைச்சலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவட்டும் என்று, தேடிய வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

இடமும் அமைப்பும்

ஆன்டெனா 40 மீட்டருக்கான இன்வெர்ட்டட் வீ, அதாவது தலைகீழ் வி வடிவக் கம்பி. கை ஒவ்வொன்றும் 10 மீட்டர், உச்சி 8 மீட்டர் உயரம், கீழே ரேடியோ வரைக்கும் 18 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் (கவசமிட்ட கேபிள்). தாமான் வீடுகளுக்கு மின்சாரம் முறுக்கிய கறுப்புக் கேபிளில் வருகிறது. பின்பக்கம் இன்னும் ஆள் குடியிருக்கும் பழைய லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) போவது கம்பத்துக்குக் கம்பம் நாலு வெறுங்கம்பிகளாக நீளும் லைன். இந்த வெறுங்கம்பி லைன் பிறகு முக்கியமாகும். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி கூடக்கூட, மேலே ஏறும் ரேடியோ அலை அதிகமாக வெளியே கசியும்.

முதலில் சொந்த வீடு

ரேடியோவை 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றி, டிபி பெட்டியில் (மின்பகிர்வுப் பெட்டியில்) மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கேட்பதுதான் முதல் வேலை. இதில் பலர் தவறவிடுவது யூபிஎஸ், அலாரம் பெட்டி, சோலார் தோட்ட விளக்கு ஆகியவற்றை. மெயின் போனாலும் இவை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். யூபிஎஸ்ஸைக் கையால் அணைத்து, அலாரம் பேட்டரியைக் கழற்றி, லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிய பிறகுதான் கேட்டதை நம்பலாம். இங்கே எல்லாவற்றையும் அணைத்த பிறகும் இரைச்சல் ஒரு டெசிபெல்கூட இறங்கவில்லை. அப்படியானால் மூலம் வெளியே இருக்கிறது.

அடுத்துச் சந்தேகம் தெருவிளக்கின் மேலும் கம்பத்து இன்சுலேட்டரின் மேலும் போனது. கம்பத்துக்கு அடியில் கையடக்க ரேடியோவைப் பிடித்தால் இரைச்சல் ஏறுகிறது, அதனால் கம்பமே குற்றவாளி என்று தோன்றும். இந்த வழி வீணாகப் போனது. ஏறுவதற்குக் காரணம் கம்பி அந்த அலையைச் சுமந்து வருவதுதான். கம்பத்தில் எதுவும் பழுதாகவில்லை.

பிரித்தறிய மழை நல்ல சோதனை. இன்சுலேட்டரிலோ தளர்ந்த இணைப்பிலோ பொறி பறந்தால் 100 ஹெர்ட்ஸ் கரகரப்பாகக் கேட்கும், 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான விஎச்எஃப் வரைக்கும் பரவும். மத்தியானம் மழை கொட்டிக் கம்பம் நனைந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், இல்லையென்றால் குணமாவது மாறும். இங்கே மழை வந்தும் போயும் ஒரு மாற்றமும் இல்லை. எல்இடி விளக்கோ மலிவு சார்ஜரோ என்றால் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு மேடு வீதம் வரிசையாகத் தெரியும். சூடு ஏற ஏற அந்த மேடுகள் மெல்ல நகரும். இங்கே மேடும் இல்லை, நகர்தலும் இல்லை.

காதில் விழுந்தது வேறு. இணையம் சும்மா இருக்கும்போது வேகமான டிக்டிக் சத்தம், யாரோ வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் அடர்ந்த இரைச்சல். பவர்லைன் அடாப்டர் சும்மா இருந்தாலும் மின்சாரத்தின் அலையோடு ஒத்துப்போய் ஓர் அறிவிப்புத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 40 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அதாவது செகண்டுக்கு 25 தடவை. ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தச் சத்தம் மறக்காது.

பள்ளத்தைப் பார்ப்பது

காது சொல்வதைத் திரையில் பார்த்து உறுதிப்படுத்த, கணினியில் சொருகும் சின்ன ரிசீவரான யூஎஸ்பி ஆர்டிஎல்-எஸ்டிஆர் போதும். இங்கே எடுத்தது வெர்ஷன் 3, டைரக்ட் சாம்பிளிங் முறையில் (ட்யூனரைத் தாண்டி அலையை நேரே எண்ணாக மாற்றுவது). அந்த முறையில் 14.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது கீழே மடங்கி விழும், கீழே உள்ளது மேலே மடங்கும். ஆகவே 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பேண்டை இதை வைத்து அளக்காதீர்கள். 6 முதல் 11 வரைக்கும் பார்க்க இது போதும்.

ஏஜிசியை (தானாகப் பெருக்கத்தைச் சரிசெய்யும் வசதியை) அணைத்து, 6.0 முதல் 8.0 வரை வாட்டர்ஃபாலை (அலைகளின் பலத்தை நேரத்தோடு நிறங்களாகக் காட்டும் படத்தை) திறந்தால் படம் சட்டென்று விளங்கும். இரைச்சல் ஒரு கெட்டியான மேடையாக நிற்கிறது. 7.0 மெகாஹெர்ட்ஸில் செங்குத்தாகச் சரிந்து 7.3இல் மறுபடி செங்குத்தாக ஏறுகிறது. 10.10 முதல் 10.15 வரை இன்னொரு குறுகிய பள்ளம். இயற்கை இரைச்சலோ, பழுதான விளக்கோ, அமெச்சூர் பேண்டின் எல்லை பார்த்து நிற்காது. இந்த அடாப்டர்கள் பின்பற்றும் ஹோம்பிளக் ஏவி தரத்தில் அமெச்சூர் பேண்டுகளை மட்டும் சுமார் 30 டெசிபெல் அடக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். 3.5 முதல் 4.0, 7.0 முதல் 7.3, 14.0 முதல் 14.35, 21.0 முதல் 21.45 என்று அந்தப் பள்ளங்கள் வரிசையாக வரும். இந்த விளிம்புகள் கண்ணில் பட்டால் மூலம் பவர்லைன் அடாப்டர்தான் என்று துணிந்து சொல்லலாம்.

அடக்கித்தான் அனுப்புகிறதே, பிறகு ஏன் தொல்லை? அடாப்டரின் மொத்தச் சத்தம் அவ்வளவு பெரிது. 30 டெசிபெல் குறைத்த பிறகும் மிச்சம், அமைதியான தோட்டத்து வட்டாரத்தின் இயற்கை இரைச்சலைவிட மேலே நிற்கிறது. அதோடு அதே வயரில் தொங்கும் ரெக்டிஃபயர்கள் (ஏசியை டிசியாக்கும் பாகங்கள்) பக்கத்து அலைகளைக் கலந்து பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடுகின்றன. ரிசீவரே திணறிக் கலக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆன்டெனா வழியில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் (அலையைக் குறைக்கும் பாகம்) போட்டால் இரைச்சலும் 10தான் இறங்க வேண்டும். அதைவிட அதிகம் இறங்கினால் கலப்பு உங்கள் பெட்டிக்குள்ளே நடக்கிறது. இங்கே சரியாக 10 இறங்கியது.

ஷார்ட்வேவ் வானொலி கேட்பவர்களுக்கு இந்தப் பள்ளமும் கிடையாது. 9.4 முதல் 9.9 வரையான ஒலிபரப்பு பேண்ட் முழுக்க மேடைக்குள் மூழ்கிக் கிடந்தது. அமெச்சூர்களுக்காவது கேட்டு வாங்கிய பாதுகாப்பு இருக்கிறது, பழைய பிலிப்ஸ் பெட்டியில் வெளிநாட்டு நிலையம் தேடும் பெரியவர்களுக்கு அதுகூட இல்லை. இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

நடந்து தேடுவது

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 7.1இல் கேட்டுக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். அங்கே இரைச்சல் ஏற்கெனவே அடக்கப்பட்டிருக்கிறது. பள்ளத்துக்கு வெளியே, 6.7 முதல் 6.9 வரை எங்காவது காலியான இடத்தில் ஏஎம் முறையில் நிறுத்தினால் அதே இரைச்சல் 30 டெசிபெல் பலமாகக் கிடைக்கும். பகலில் போவது நல்லது, ராத்திரியில் தூரத்து நிலையங்கள் வந்து குழப்பும்.

கருவி ஒரு கையடக்க ஷார்ட்வேவ் ரேடியோ. ஆன்டெனா கம்பியை முழுக்க நீட்டி ஆரம்பித்து, சத்தம் ஏற ஏறச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கம்பி முழுக்க உள்ளே போயும் சத்தம் குறையாத வீடுதான் சந்தேகத்துக்குரியது. 30 செண்டிமீட்டர் விட்டத்தில் கோஆக்ஸ் வளையம் செய்து திசை பார்க்கவும் முயன்றோம். அது உதவவில்லை. லைன் முழுக்க அலையைப் பரப்புவதால் வளையம் ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒவ்வொரு திசை காட்டியது. வீட்டுக்குள் இறங்கும் சர்வீஸ் வயரின் அடியிலும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலும் சத்தத்தை ஒப்பிடுவதே பலன் தந்தது. மீட்டர் பெட்டியைத் தொட வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது. வேலியோரத்தில் நின்று கேட்டாலே போதும்.

இரண்டு வீடு தள்ளி ஒரு முனை வீட்டில் ஊசி உச்சத்துக்குப் போனது. அங்கே குடியிருப்பவர் ஓர் அக்கா. விஷயத்தைச் சொல்லி, கைப்பேசியில் வாட்டர்ஃபாலைக் காட்டிக் கேட்டது இவ்வளவுதான்:

“அக்கா, அந்த வெள்ளைப் பெட்டிய ரெண்டு நிமிஷம் மட்டும் பிளக்லேர்ந்து எடுத்துப் பாக்கலாமா?”

“எடுத்தா மகனோட கிளாஸ் கட்டாயிடுமே தம்பி. அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும், அப்ப வாங்க.”

ஐந்து மணிக்கு எடுத்தார். ஷேக்கில் (ரேடியோ அறையில்) எஸ்டிஆர் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பிளக் கழன்ற நொடியில் வாட்டர்ஃபாலில் கத்தி வைத்து அறுத்த மாதிரி ஒரு கோடு. 6.8இல் 9 டெசிபெல் இறக்கம், 7.1இல் 4. சொருகினால் ஏற்றம், எடுத்தால் இறக்கம். ஒரு தடவை பார்த்ததை நம்பி முடிவு கட்டாமல், சொருகிக் கழற்றிப் பலமுறை பார்த்துப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். நிறைய அடாப்டர்கள் லேன் முனையில் கணினி அணைந்தால் சில நிமிடங்களில் தாமே தூங்கிவிடும். அந்த நேரம் பார்த்துச் சோதித்தால் வேறு வீட்டின் மேல் பழி விழும்.

ஃபெரைட் மாட்டிப் பார்த்தது

செலவில்லாத வழியென்று, அடாப்டரைச் சொருகிய எக்ஸ்டென்ஷன் வயரில் கிளிப் ஃபெரைட் (வயரில் ஓடும் ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப் பொருள்) ஐந்து மாட்டினோம். நெட் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, இரைச்சலும் 1 அல்லது 2 டெசிபெல்தான் குறைந்தது. லைவும் நியூட்ரலும் சேர்த்துக் கிளிப் போட்டால் இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் மட்டுமே தடைபடும். அடாப்டர் அனுப்புவதோ ஒன்றில் போய் மற்றதில் திரும்பும் ஓட்டம். அது ஃபெரைட்டைத் தாண்டிப் போய், லைவை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி இறங்கும் லைட் சுவிட்ச் வயர்களில் சமநிலை குலைந்து, வீடு முழுக்க ஆன்டெனா ஆகிவிடுகிறது. இரைச்சல் மூலத்தில் ஃபெரைட் மாட்டுவது சார்ஜருக்குப் பொருந்தும் மருந்து. பவர்லைன் அடாப்டருக்கு ஒரே மருந்து அதைக் கழற்றிவிட்டு வேறு வழி கொடுப்பதுதான்.

கேபிள் இழுத்தது

ரௌட்டர் முன் ஹாலில், மகனின் அறை பின்னால். சிலிங்குக்கு மேலாக அளந்தால் 17 மீட்டர், மேலும் கீழும் இறங்க 5 மீட்டர். 25 மீட்டர் கேட் 6 வாங்கினோம், மீட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்). வாங்கும்போது ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வளைக்கிற இடத்தில் ஒடியும், சில வருஷத்தில் கனெக்டருக்குள் தளரும். முழுச் செம்பையே கேளுங்கள்.

பாதையைக் கூரைக்கு உள்ளேயே வைத்தோம். வெளிச்சுவரில் விட்டால் வெயிலில் உறை வெடிக்கும், நம் ஊர் இடிமின்னலுக்கும் வெளியே ஓடும் நீளக் கம்பி வேண்டாத விருந்தாளி. மின்வயரிலிருந்து ஒரு சாண் தள்ளி, குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாக மட்டும். இறங்குகிற இடத்தில் 20 மில்லிமீட்டர் வெள்ளைப் பிவிசி குழாய். ஆர்ஜே45 இரண்டு முனையிலும் டி568பி வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். ஜோடியின் முறுக்கைக் கனெக்டருக்கு 13 மில்லிமீட்டருக்குள் கொண்டுபோய் நிறுத்துங்கள். அதற்கு முன்னாலேயே பிரித்தால் கேபிளும் கொஞ்சம் கசியும்.

லேன் கேபிளும் முழு ஊமையில்லை. 14.030க்குப் பக்கத்தில் மெல்லிய விசில் ஒன்று பல வீடுகளில் கேட்கும். அதற்கு இரண்டு முனையிலும் மிக்ஸ் 31 என்ற கலவையில் செய்த கிளிப் ஃபெரைட் ஒவ்வொன்று, கேபிளை அதில் மூன்று சுற்று சுற்றி. இங்கே ஃபெரைட் உண்மையாகவே வேலை செய்யும்.

கேபிள், கனெக்டர், குழாய், ஃபெரைட் எல்லாம் சேர்த்து 96 வெள்ளி. அந்தச் செலவை ரேடியோ பக்கமே ஏற்றுக்கொண்டது. அக்காவுக்கு வேகம் கூடியது, பழைய ஜோடியை அவரே எடுத்துத் தந்துவிட்டார்.

பள்ளம் இன்னும் இருக்கிறது

அக்கா வீட்டுப் பெட்டி போன பிறகும் 6.8இல் மேடை மறையவில்லை, உயரம்தான் குறைந்தது. 7.0, 7.3 விளிம்புகள் அப்படியே இருந்தன. விளிம்பு இருக்கும் வரை இன்னொரு ஜோடி எங்கோ ஓடுகிறது என்று அர்த்தம். இதன் சத்தம் வேறு மாதிரி. டிக்டிக் கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் ஒரே அடர்த்தி. மனிதர்கள் தூங்கும்போதும் தரவு ஓடுகிற இடம் எது என்று யோசித்தால் சிசிடிவி தவிர வேறு எது?

லயத்துக்குப் போகும் வெறுங்கம்பி லைனோடு நடந்தபோது சத்தம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய் முட்டியது. அலுவலக அறையிலிருந்து ராஜகோபுரம் வரை கேமரா இணைப்பு பவர்லைன் அடாப்டர் வழியாக. திருவிழா விளக்குக்கென்று போட்ட நீண்ட வயர் வரிசை அதே சர்க்யூட்டில் வருஷம் முழுக்கத் தொங்குகிறது. சுமார் 60 மீட்டர் திறந்த வயர், அதன் மேல் இருபத்து நாலு மணி நேர வீடியோ. தாமான் வீட்டைவிட தூரத்தில் இருந்தும் இது இவ்வளவு பலமாகக் கேட்டதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கோயில் தலைவர் ஐயாவிடம் ரேடியோ இரைச்சலைப் பற்றிச் சொன்னதைவிட, கேமரா அடிக்கடி உறைந்துபோகிறதா என்று கேட்டதுதான் பேச்சைத் திறந்தது. உறைந்துகொண்டுதான் இருந்தது. பூஜை நேரத்தில் மின்விசிறியும் மோட்டாரும் ஓடினால் பவர்லைன் வேகம் படுத்துவிடும். தீர்வாக பிஓஇ சுவிட்ச் ஒன்று, வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை கேட் 6 கேபிள் 70 மீட்டர், முழுக்கக் குழாய்க்குள். ஒரே கேபிளில் நெட்டும் கேமராவுக்கான மின்சாரமும் போய்விடும். 100 மீட்டர் எல்லைக்குள் இருப்பதால் சிக்கல் இல்லை. கோபுரத்து முனையில் மின்னல் காப்பானும், அதற்கு ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். எர்த் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேன் செய்தார். மொத்தம் 410 வெள்ளி, பாதியைக் கோயில் நிர்வாகம் கொடுத்தது.

அடாப்டரைக் கழற்றியதும் 6.8இல் மேலும் 19 டெசிபெல் இறங்கியது, 7.1இல் 8. விளிம்புகள் போய்விட்டன. 9.4 முதல் 9.9 வரையும் திறந்தது.

கடைசியாக நம் பக்கம்

மூலம் போன பிறகே ஆன்டெனா பக்கம் கைவைத்தோம். எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 பன்னிரண்டு சுற்று, அதற்கு 1.2 மீட்டர் கேபிள் ஒதுக்க வேண்டும். ஒன்று ஆன்டெனா ஊட்டுமுனையில், ஒன்று கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில். கோஆக்ஸின் வெளிச்சடை வழியாக வீட்டு இரைச்சல் ஏறி ஆன்டெனாவுக்குள் போவதை இது தடுக்கும். 7.1இல் இன்னொரு 5 டெசிபெல் கிடைத்தது. மிக்ஸ் 31உம் 43உம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆரம்ப ஊடுருவுதிறன் 31க்கு 1500, 43க்கு 800. ஆகவே கடையில் வந்ததை நானோவிஎன்ஏ என்ற அளவுகருவியில் சுற்றிப் பார்த்து உறுதிசெய்த பிறகு சுற்றுங்கள். ஒரு வளையம் 65 வெள்ளி விழுந்தது, தபாலோடு.

அடுத்த தடவை மாற்றிச் செய்ய வேண்டியவை சில. முதல் நாளிலேயே 6.8இலும் 7.1இலும் ஒரே அமைப்பில் அளவெடுத்து, நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அளக்கத் தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது. இரவு முழுக்கப் பதிவு ஓடவிட்டிருந்தால் வீட்டு ஜோடியும் கோயில் ஜோடியும் வெவ்வேறு என்று ஆரம்பத்திலேயே பிரிந்து தெரிந்திருக்கும். வளைய ஆன்டெனா செய்யச் செலவழித்த நேரம் வேண்டாம்.

ரேடியோவில் அலையின் பலத்தைக் காட்டும் எஸ்மீட்டரை மட்டும் நம்பி எழுதிய கடிதங்கள் எடுபடுவதில்லை. பல பெட்டிகளில் எஸ்9க்குக் கீழே ஒரு எஸ் என்பது 6 டெசிபெல்லுக்குப் பதில் 3 டெசிபெல்தான் காட்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சிக்குப் புகார் போக நேர்ந்தால் பிளக் கழற்றிச் சொருகிய வாட்டர்ஃபால் பதிவு, நேரம், அலைவரிசை ஆகியவற்றையே வையுங்கள்.

பின்னால் வந்த ஏவி2 வகை அடாப்டர்கள் 86 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகின்றன. அதனால் 6 மீட்டர் பேண்ட் வைத்திருப்பவர்கள் 50 மெகாஹெர்ட்ஸையும் இதே முறையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இங்கே அந்தச் சோதனை அடுத்த வேலையாக நிற்கிறது, இதற்கு ஆர்டிஎல்-எஸ்டிஆரின் சாதாரண முறையே போதும்.